தடைக்காலத்தில் நான் கடலுக்குப் போன கதை

ஒரு மனிதனை ஒரு பார்வை பார்த்தால் போதும். அவன் எந்தப் பக்கத்து ஆள், எப்படிப்பட்டவன், நம்பலாமா கூடாதா என்று சொல்லிவிடுவேன். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. உறுவையாறில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் நானே சொல்வேன்.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நான். அதற்கு மேல் படித்திருந்தால் எவனிடமாவது வேலைக்குப் போயிருப்பேன். படிக்காததால் இன்று பதினான்கு பேருக்கு வேலை கொடுக்கிற, சிமெண்ட் கல் வார்க்கிற ஹாலோ பிளாக் கம்பெனி வைத்திருக்கிறேன். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறத்தியார் வயலில் ஏர் ஓட்டி, வரப்பு வெட்டி, அந்த வரப்பிலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள். கரிக்கலாம்பாக்கம் பக்கம் அந்த வயல்களெல்லாம் மனைகளாக மாறியபோது நான் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. இன்று அங்கே நிற்கிற சுவர்களில் பாதி என் கல். மீதிப் பாதி விரிசல் விட்டிருக்கும், போய்ப் பாருங்கள்.

ஆட்களை எடை போடுகிற வித்தை தொழிலில் வந்தது. டவுன் ஆள் கல்லைத் தட்டித் தட்டிப் பார்ப்பான், வாங்கமாட்டான். வாத்தியார் வாங்குவார், ஆனால் லாரி கிளம்புவதற்குள் நாலு முறை எண்ணுவார். கடற்கரை ஆள் கத்திப் பேசுவான், மூக்கு நுனியில் கோபம், இன்றைக்கு வந்ததை இன்றைக்கே தின்று தீர்ப்பான், ஒருவனைத் தொட்டால் ஊரே திரண்டு வரும். கடற்கரை ஆள் எத்தனை பேரோடு நான் பழகியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். இதெல்லாம் பழகித் தெரிகிற விஷயம் இல்லை. தெரியும், அவ்வளவுதான்.

என்னையும் ஒருவர் இப்படி எடை போட்டதுண்டு. கம்பெனிக்கு இடம் வாங்கியபோது பத்திரம் எழுதப் போனேன். எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, "மொதலாளி வந்ததும் உள்ள வா, அதுவரைக்கும் அந்த வேப்பமரத்தாண்ட நில்லு" என்றார். நின்றேன். ரொம்ப நேரம் முதலாளி வரவே இல்லை. எப்படி வருவான்? அவன்தான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தானே! அந்த மனிதர் ஒரு மடையர் என்று இன்றைக்கும் சொல்கிறேன். அவர் என்னை எடை போட்டால் அது மடத்தனம், நான் மற்றவனை எடை போட்டால் அது அனுபவம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தக் காலத்தில் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டது போன வருஷம்தான். கேட்டவர் ஒரு அம்மா.

எனக்கு ஒரே பெண். அரியூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. ஒருநாள் சாயந்திரம் வேலையிலிருந்து வந்து, பையைக் கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"ப்பா, ஒரு பையன் இருக்கான்."

"இருக்கட்டும்" என்றேன்.

"எங்க ஆஸ்பத்திரிலதான். எக்ஸ்ரே எடுக்கறான்."

"எடுக்கட்டும்."

"கடக்கரை."

உள்ளே என் மனைவி அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த ஆளுங்க சரிப்பட்டு வரமாட்டாங்க. எடுத்ததுக்கெல்லாம் கத்துவாங்க!" என்றேன்.

"நீ இப்ப கத்தனதுல எதிர் வூட்டு நாய் எழுந்துக்கிச்சி, பாரு."

"அது வேற. அவன் நல்லவனா இருக்கலாம்மா. நான் இல்லங்கல. அவன் ஒருத்தன் அப்படி. மத்தவங்க?"

இந்த 'ஒருத்தன் அப்படி' என்பது என்னுடைய பழைய ஆயுதம். எனக்குத் தெரிந்த நல்லவர்கள் அத்தனை பேரையும் அந்த வழியாகத்தான் அவரவர் கூட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிடுவேன். கூட்டம் பற்றிய என் எண்ணம் சேதாரம் இல்லாமல் அப்படியே இருக்கும்.

அவள் சண்டை போடவில்லை. "நீதான் ஒரு பார்வைல ஆளச் சொல்லிடுவியே. போய்ப் பாரு. பாத்துட்டு வந்து வேணாம்னு சொன்னா, அன்னிக்கே அவனுக்கு போன் பண்ணி முடிச்சிக்கறன். பாக்காம மட்டும் சொல்லாத" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். இரண்டு வருஷமாக மனசில் வைத்திருந்ததை அப்படியே தூக்கி என் பார்வை மேல் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சம்பந்தம் வைப்பதற்கு முன்னால் அந்த ஊருக்குச் சொல்லாமல் போய் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். டீக்கடை, முடிவெட்டுகிற கடை, ரேஷன் கடை என்று மூன்று இடத்தில் வாயைக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் வெளியே வந்துவிடும். எல்லோரும் செய்வதுதான். நான் மற்றவர்களைப் போல அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. வெளியாள் கேட்டால் உண்மை வராது, அவர்களில் ஒருவனாகப் போனால்தான் வரும் என்று யோசித்தேன். நீலக் கட்டம் போட்ட லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினேன். தலையில் துண்டு. கையில் ஒயர் கூடை. காலில் செருப்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். கம்பெனியில் வேலை செய்கிற ஒருவனுடைய பழைய மொபெட்டை வாங்கிக்கொண்டேன்.

என் மனைவி மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாயா கோலம் இது? நாடகத்துக்கா போற?"

"உனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பாகூர் தாண்டிக் கடலோரம் அந்தக் குப்பம். பெயர் வேண்டாம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மணலில் காலை வைத்ததும் தெரிந்தது, அங்கே செருப்பு இல்லாமல் நடந்த ஒரே ஆள் நான்தான். குதித்துக் குதித்து வலை சீர் செய்கிற கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒன்பது பேர் தரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். டிரவுசர், டி-ஷர்ட். ஒருவர் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி பின்னினார். லுங்கியை மடித்துக் கட்டித் தலையில் துண்டோடு நின்றதும் நான் ஒருவன்தான்.

"இன்னாப்பா, எல்லாம் நல்லா இருக்கீங்களா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

ஒருவர் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவா. கொழந்த தூங்குது."

பழைய வலைத்துணியில் தூளி கட்டி ஒரு குழந்தையைப் போட்டிருந்தார்கள். அவர்கள் பேசியதே அதற்குத் தாலாட்டுப் போலத்தான் இருந்தது. அதே நேரம் தூரத்தில் எவனோ ஒருவன் படகின் மேல் நின்று இன்னொருவனைக் கத்திக் கூப்பிட்டான். 'பாத்தியா, நான் சொன்னேனே' என்றது என் மனசு. எதிரில் அமைதியாக இருந்த ஒன்பது பேரை அது எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. தூரத்தில் கத்தியவனை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. பொருந்துகிறவனை எண்ணு, பொருந்தாதவனைத் தள்ளு என்று எண்ணினால் எந்தக் கணக்கும் சரியாகத்தான் வரும். முப்பது வருஷமாக என் வித்தை அப்படித்தான் நடந்திருக்கிறது என்பது பிறகு உறைத்தது.

"எந்த ஊரு பெரியவரே?" என்று நரைத்த தாடிக்காரர் கேட்டார்.

"கடலூர் பக்கம். நம்ம ஆளுதான். கடல்லயே பொறந்து கடல்லயே வளந்தவன்."

"அப்படியா? உங்க பக்கம் இப்ப இன்னா காத்து?"

"நல்ல காத்து" என்றேன். "சிலுசிலுன்னு."

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் உண்டு, எந்தக் காற்று என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"போட்டு வெச்சிருக்கீங்களா?"

"இல்லாம? பெரிய விசைப்படகு. நேத்து ராத்திரி கூட போனோம். வஞ்சிரமா அள்ளினு வந்தோம்."

வலை பின்னுகிற ஊசிகள் அத்தனையும் நின்றுவிட்டன.

"நேத்தா?"

"நேத்துதான்."

"விசைப்படகுலயா?"

"பின்ன, சைக்கிள்லயா?" என்று நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கோடையில் இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டை விடுகிற காலம், அரசாங்கத்தின் தடை. இது எனக்குத் தெரியாதா? டிவியில் வருஷா வருஷம் சொல்கிறார்கள். மீன் விலை ஏறும்போது நானே பத்துப் பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் மட்டும் அது என் தலைத் துண்டுக்குள் இல்லாமல் போய்விட்டது.

தாடிக்காரர் எழுந்தார். அவர் குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்க போட்டெல்லாம் கரைல கெடக்குது. பசங்க கொத்து வேலைக்குப் போறாங்க. நீ மட்டும் முட்டை வுடற மீன அள்ளினு வந்தியா? எந்தக் குப்பம் நீ? உங்க பஞ்சாயத்துத் தலைவரு பேரச் சொல்லு."

எனக்குத் தெரிந்த ஒரே தலைவர் எங்கள் பால் சொசைட்டித் தலைவர். அவர் பெயரைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் ஒருவன் மொபெட் சாவியை எடுத்துக்கொண்டான். இன்னொருவன் கடலூருக்கு போன் போட ஆரம்பித்தான்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஐஸ் பெட்டிகள் அடுக்கிய கொட்டகையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாக வந்தார்.

"வுடுங்கப்பா அவர. அவரு வாய்க்கால்ல கூட எறங்கியிருக்க மாட்டாரு. உறுவையாறு ஹாலோ பிளாக்கு. எம் புள்ள போன்ல ஒரு மாசமா இவரு போட்டோவப் பாத்துனு இருக்கறன். டிப்பர் முன்னால கையக் கட்டினு நிப்பாரு."

இப்போது ஒன்பது பேரும் சிரித்தார்கள். குழந்தை எழுந்துகொண்டது.

பையனுடைய அம்மா அவர். ஊரில் வருகிற மீனை ஏலம் எடுத்து வில்லியனூர் வரைக்கும் அனுப்புகிறவர். வீட்டுக்கு அழைத்துப் போய் நாற்காலி போட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தார். கால் சுட்டிருக்கும் என்று ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். நான் காலை வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பேசினார்.

"உங்கள மாதிரி மேக்கத்தி ஆளுங்க நேரா வரமாட்டாங்க, சுத்தினுதான் வருவாங்கன்னு நாங்க பேசிக்குவோம். மனசுல ஒண்ணு வெச்சினு வாயில ஒண்ணு சொல்வாங்க. மீனு வாங்கறப்பகூட வேணாங்கற மாதிரி நாலு அடி போயிட்டுத் திரும்பி வருவாங்க. எம் புள்ள, 'அதெல்லாம் பழைய பேச்சும்மா, அவங்க அப்பா அப்படி இல்ல'ன்னான். சரி, வரட்டும் பாக்கலாம்னு இருந்தன். வந்தீங்க. இப்படி வந்தீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒருத்தனப் பாத்துட்டு ஊரையே அப்படிச் சொல்லலாமாம்மா?"

"நான் ஒருத்தரப் பாத்துட்டாவது சொல்றன். நீங்க யாரையும் பாக்காமலே வூட்லேந்து எங்கள மாதிரி கட்டினு வந்துட்டீங்களே. இந்த லுங்கி யாரு சொல்லிக் கட்டினது?"

வாளியில் இருந்த என் காலைப் பார்த்தேன். பத்திரம் எழுதியவரிடம் நான் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக வைத்திருந்த கேள்வியை இந்த அம்மா என்னிடம் கேட்டுவிட்டார்.

"பொண்ணு நல்ல பொண்ணாதான் இருக்கும். ஆனா ஒளிஞ்சி பாக்கற வூட்ல சம்மந்தம் வெச்சா தெனம் ஒரு வேஷம் பாக்கணும். இது வேணாம் பெரியவரே" என்றார். சாவியையும் யாருடையதோ ஒரு ரப்பர் செருப்பையும் கொடுத்து அனுப்பினார்.

வீட்டு வாசலில் என் பெண் நின்றிருந்தாள். கையில் போன்.

"பாத்தியா?"

"பாத்தன்."

"இன்னா சொல்ற?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாக்குத் தவறமாட்டாள், என் வளர்ப்பு. அங்கே நடந்தது எதுவும் இந்த ஊருக்குத் தெரியாது, என் பெயரும் கெடாது. மொபெட்டில் வரும்போது வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் வாய்க்குள் வைத்திருந்தேன். அவள் கட்டைவிரல் போன் மேல் இருந்தது.

"ஆளுங்க நல்லவங்கதான்" என்றேன். "என்னைத்தான் அவங்க வேணாம்னுட்டாங்க."

முழுவதையும் கேட்டாள். 'சிலுசிலுன்னு' என்ற இடத்தில் சிரித்தாள். சைக்கிள் என்ற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். 'இது வேணாம்' என்ற இடம் வந்ததும் சிரித்த முகத்தோடேயே அழ ஆரம்பித்தாள். என் மனைவி, "நாடகத்துக்கான்னு அப்பவே கேட்டன்" என்று மட்டும் சொன்னாள். நான் உள்ளே போய் அந்த லுங்கியை அவிழ்த்து எறிந்தேன். என் வீட்டில் நான் பதில் சொல்லாத நாள் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, என் சொந்த வண்டி. குப்பத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே நுழைந்தேன்.

"கடலூர்க்காரர் வந்துட்டாருடோய்!" என்றான் ஒருவன்.

"பெரியவரே, இன்னிக்கு இன்னா காத்து?"

"எனக்குத் தெரியாதுப்பா, நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நேராக அந்த வீட்டுக்குப் போனேன்.

"நேரா வந்திருக்கன்மா. பொண்ணப் பெத்தவன். நேத்து பண்ணது தப்பு. தெரியாம பண்ணல, தெரிஞ்சிதான் பண்ணன். என் பொண்ணுக்கு அதுல பங்கு இல்ல. என்னைப் பாத்து அவள எடை போட்டுடாதீங்க."

அந்த அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டார். "நேத்து கத்தனது வேஷம்னு நெனச்சன். நெசமாவே இப்படித்தான் பேசுவீங்களா?"

"மெஷின் பக்கத்துலயே முப்பது வருஷம் நின்னவன்மா."

மூலையில் உட்கார்ந்திருந்த பையனுடைய அப்பா முதல் முறையாக வாயைத் திறந்தார். படகு எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டதாம். "இந்தூட்ல பேசறது எதுவும் எனக்குக் கேக்கறதில்ல. இவரு ஒருத்தரு பேசறதுதான் ஒழுங்கா காதுல வுழுது. இருக்கட்டும்மே!" என்றார்.

அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நானும் விசாரிக்கணும். ஒளிஞ்சி இல்ல. ஞாயித்துக்கெழம உங்க ஊரு டீக்கடைல ஒக்காந்து, உங்களயும் பக்கத்துல வெச்சினு கேப்பன். நான் சொல்ற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் வந்தார்கள். டீக்கடை பெஞ்சில் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். இன்னார், இன்ன காரியமாக வந்திருக்கிறோம் என்று அந்த அம்மா பட்டவர்த்தனமாகச் சொன்னார். "இவரு எப்படிப்பட்டவரு?"

டீ மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடியிருப்பதைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "பீத்திக்குவாரும்மா. டீ நல்லா இருந்துச்சின்னா, அவரு சொல்லிக் குடுத்ததும்பாரு. நல்லா இல்லன்னா, எங்க சாதி சனத்துக்கே டீ போட வராதும்பாரு."

பேப்பர் போடுகிறவர் அடுத்தவர். "முப்பது வருஷமா என்னைத் தூங்குமூஞ்சின்னு கூப்புடறாரு. ஊரே தூங்கறப்ப எழுந்து இவரு வூட்டுக்கு நான்தாம்மா பேப்பர் போடறன்."

நான் டீயைக் குடித்தேன். காலி டம்ளரையும் குடித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு அம்மா, எல்லோருக்கும் டீ வாங்கத் தூக்குச் சட்டியோடு வந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கட்டிட வேலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் லாயக்கில்லை என்று அதன் முன்னாலேயே நான் நூறு முறை சொல்லியிருக்கிறேன். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"உங்க மொதலாளி எப்படிம்மா?" என்று பையனுடைய அம்மா கேட்டார்.

அது என்னைப் பார்த்தது. நான் பிஸ்கட் ஜாடியைப் பார்த்தேன்.

"வாய் மோசம்ங்க" என்றது. "போன மழைல எம் மவளுக்கு வலி எடுத்துடுச்சி. ஆட்டோ ஒண்ணும் வரல. டிப்பர்ல முன்னால ஏத்திக்கினு இவரே ஓட்டினாரு. ஆஸ்பத்திரி வரைக்கும் வாய் மூடல. விழுப்புரத்து ஆளுங்களுக்கு சொன்ன தேதில எதுவுமே நடக்காது, கொழந்தகூட பதினஞ்சி நாளு முன்னாலயே வருதுன்னு திட்டினே ஓட்டினாரு. அவ அழுவறதா சிரிக்கறதா தெரியாம வந்தா. மருமவன் வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னாரு. அவன் வந்தவொடன அவனயும் திட்டிட்டுத்தான் போனாரு."

அதை நான் மறந்தே போயிருந்தேன். திட்டியதும் நான்தான், ஓட்டியதும் நான்தான். இரண்டும் ஒரே ஆள் செய்ததா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

பையனுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு கணவருக்குக் கையால் ஏதோ ஜாடை காட்டினார். அவர் தலையாட்டினார்.

"இவரு வாய நாங்க பொறுத்துக்கலாம்" என்றார் அந்த அம்மா. "வெள்ளிக்கெழம வர்றோம். தட்டு மாத்திக்கலாம். இப்பப் பேசுங்க சம்மந்தி."

பேசச் சொன்ன பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. போனை எடுத்துப் பெண்ணுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்து, "ப்பா?" என்றாள். போனை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"நாந்தாம்மா பேசறன்" என்றார். "உன் அத்த."

அந்தப் பக்கம் விசும்புகிற சத்தம் எனக்கே கேட்டது. பையனுடைய அப்பா என் தோளைத் தட்டி, "பொண்ணு இன்னா சொல்லுது?" என்றார்.

"அழுவுதுங்க!" என்றேன், அவர் காதுக்குக் கேட்கிற மாதிரி. எதிர்த் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.